ஒரு கண்ணில் மட்டும்

சொந்தக்காரர்கள் என்னைத் தூரத்தில் பார்த்தாலே, "அதோ பை வருது, பின்னாடியே அவனும் வருவான்" என்பார்கள். கேமரா பை. கறுப்பு நிறம், உள்ளே பஞ்சுத் தடுப்புகள், வெளியே மூன்று ஜிப். அதில் ஒன்று திறக்காது, ஒன்று மூடாது. இருந்ததிலேயே மலிவாகப் பார்த்து வாங்கியது. 'தண்ணீர் புகாது' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். மழை வந்தால் சரியாக அந்த எழுத்துக்குக் கீழேதான் ஒழுகும். தண்ணீர் பம்பு விற்கும் கம்பெனியில் பில் போடுகிறவனுக்கு இது போதும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். அக்காவின் பெரிய மகள் எனக்குப் 'பை மாமா' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

பைக்குள் இருந்த ப்ளாஷும் அதே ரகம்தான். கேமராவின் தலையில் செருகுகிற சின்ன விளக்கு. நல்ல கம்பெனி ப்ளாஷ் வாங்க முடியாது என்பதல்ல, மனசு வராது. பொழுதுபோக்குக்காக வீட்டில் யாரும் வயிற்றைக் கட்டக் கூடாது என்பது என் கொள்கை. அதற்கு அக்கா வைத்த பெயர் கஞ்சத்தனம்.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. ப்ளாஷை யார் முகத்துக்கும் நேராக அடிக்க மாட்டேன். அதன் தலையை நிமிர்த்திக் கூரைக்கு அடிப்பேன். வெளிச்சம் கூரையில் பட்டு எல்லார் மேலும் சமமாக இறங்கும். நேராக அடித்தால் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்துவிடும், கண்மணி இரண்டும் சிவப்பாக எரியும். சிவப்புக் கண் விழுந்த படத்தை வெளியே காட்டுவது எங்களைப் போன்ற பொழுதுபோக்குப் படக்காரர்களுக்கு மானப் பிரச்சினை. அக்காவின் சின்னவன் பிறந்ததிலிருந்து நான் எடுத்த அத்தனை படமும் கூரை வெளிச்சத்தில் எடுத்தவை. தேடினாலும் ஒரு சிவப்புக் கண் கிடைக்காது.

அவனுடைய இரண்டாவது பிறந்தநாள் அன்று ப்ளாஷின் கழுத்து உடைந்தது. மெழுகுவர்த்தி ஏற்றுகிற நேரம் பார்த்து அதன் தலையை நிமிர்த்தினேன், 'டக்' என்றது. அதற்குப் பிறகு நேராகத்தான் நிற்பேன் என்று அடம்பிடித்தது. திரைச்சீலையை இழுத்து இருட்டாக்கிய கூடம், கேக்கின் முன்னால் சின்னவன், எதிர்ச் சுவரோரம் நான். வேறு வழியில்லாமல் நேராகவே அடித்தேன்.

மறுநாள் காலையில் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டபோது எரிச்சலாக வந்தது. அக்காவுக்குச் சிவப்புக் கண், அத்தானுக்குச் சிவப்புக் கண், பெரியவளுக்கும் சிவப்புக் கண். குடும்பமே பேய்ப்பட போஸ்டருக்கு நின்றதுபோல் இருந்தது. சின்னவனுக்கு மட்டும் வலது கண் சிவப்பு, இடது கண் வெள்ளை. கண்மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பால் துளி.

சிவப்பை நீக்குவதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினேன். வரிசையாக எல்லாக் கண்ணும் கறுத்தன. அந்த வெள்ளை மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த படத்திலும் வெள்ளை. அதற்கடுத்ததில் அவன் தலையைத் திருப்பியிருந்தான், இரண்டும் சிவப்பு. பிறகு மறுபடியும் வெள்ளை.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பிள்ளையை நினைத்திருப்பார்கள். நான் ப்ளாஷை நினைத்தேன். கழுத்து உடைந்ததில் உள்ளே கண்ணாடி விரிசல் விட்டிருக்கும், வெளிச்சம் ஒரு பக்கமாகச் சிதறுகிறது, மட்டமான சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பொருமினேன். எங்கள் கூட்டத்துக்கே உள்ள வியாதி இது. படத்தில் எது தப்பாக வந்தாலும் முதலில் சாமானைத்தான் திட்டுவோம்.

மதிய இடைவேளையில் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கூரையிலிருந்து பைகள் தொங்கும் சின்னக் கடை. கடைக்காரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், வாய் மட்டும் என்னுடையதைவிட நீளம்.

"வாங்க சார். மலிவாவும் இருக்கணும், உடையவும் கூடாது, அதானே? அந்த மாதிரி ஒண்ணு வந்தா எனக்கே வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

"கழுத்து உடைஞ்சது போகட்டும்மா. இதைப் பாருங்க. ஒரு கண்ணு சிவப்பு, ஒரு கண்ணு வெள்ளை. இந்த லட்சணத்துல அடிக்கிற ப்ளாஷை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அவர் கேமராவின் திரையை ஒரு பார்வை பார்த்தார். ப்ளாஷை வாங்கித் தட்டினார், குலுக்கினார். கடை ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்கை அணைத்துவிட்டு எதிரே போய் நின்றார். "என்னை எடுங்க." எடுத்தேன். இரண்டும் சிவப்பு. பை பார்க்க வந்திருந்த ஒரு பெரியவரையும் பிடித்து நிறுத்தினார். அவருக்கும் இரண்டும் சிவப்பு.

"கழுத்து உடைஞ்சதுக்கு வேற ப்ளாஷே தரேன், எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு சார். ஆளைப் பார்த்து, அதுலயும் ஒரு கண்ணைப் பார்த்துக் கெட்டுப்போற ப்ளாஷை இன்னும் எந்தக் கம்பெனிக்காரனும் செய்யல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பாதியிலேயே என் சிரிப்பு நின்றது. அவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். கேமராவை மறுபடி வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"யார் புள்ள சார் இது?"

"எங்க அக்கா புள்ள."

"டாக்டர்கிட்ட காட்டிருங்க," என்றார். விளக்கைப் போட மறந்து அந்த இருட்டிலேயே நின்றார்.

ஆபீசுக்குத் திரும்பவில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து போனில் தேடினேன். குழந்தை, போட்டோ, ஒரு கண் வெள்ளை. தேடியிருக்கக் கூடாது. கண்புரையாக இருக்கலாம் என்றது. சில நேரம் வெளிச்சம் படும் கோணத்தால் சும்மாவும் அப்படித் தெரியலாம் என்றது. கண்ணுக்குள் வளரும் புற்றுக்கட்டியாகவும் இருக்கலாம், கவனிக்காமல் விட்டால் கண்ணோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து என்றது. முதல் இரண்டையும் நான் படித்ததாகவே மனசு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது மட்டும் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அதற்கும் அடியில் இன்னொரு பயம் இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை மேல் வெளிச்சம் அடித்தவன் யார்? நான். கேட்பார் மேய்ப்பார் இல்லாத மலிவு ப்ளாஷ். அதிலிருந்து என்ன எழவு வெளிச்சம் வந்ததோ, எவன் சோதித்துப் பார்த்தான்? என் கையாலேயே அவன் கண்ணைக் கெடுத்துவிட்டேனோ? பஸ் வந்தது தெரியவில்லை. போனதும் தெரியவில்லை.

அக்கா கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா, ஆபீஸ் இல்லையா? பையோட வந்து நிக்கிற?"

"புது ப்ளாஷ்கா. சும்மா, சின்னவனை வெச்சு ஒரு டெஸ்ட்."

"உருப்படாத வேலைக்கு மட்டும் உனக்கு லீவு குடுத்துருவாங்க," என்றாள். திரைச்சீலையை நான் இழுத்து மூடுவதைப் பார்த்துச் சிரித்தாள். சத்தம் கேட்டுச் சின்னவன் உள்ளறையிலிருந்து ஓடிவந்தான். ப்ளாஷுக்கு அவன் வைத்த பெயர் 'பளிச்சு'.

"மாமா, பளிச்சு! பளிச்சு!"

அடித்தேன். இரண்டும் சிவப்பு. போன உயிர் திரும்பி வந்தது. அக்காவின் கையைப் பிடித்துக் குதிக்கலாம்போல் இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. அவன் தலையைக் கொஞ்சம் சாய்த்து ஜன்னல் பக்கம் பார்த்தபோது இன்னொன்று அடித்தேன். வெள்ளை. மறுபடி அடித்தேன். வெள்ளை.

கேமராவைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னால் மண்டியிட்டேன். விளையாட்டுப்போல அவனுடைய இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். சிரித்தான். கையிலிருந்த பொம்மைக் காரை என் மூக்கின் மேல் ஓட்டினான். கையை மாற்றி வலது கண்ணை மூடினேன். சிரிப்பு நின்றது. கார் கீழே விழுந்தது. கையைப் பிடித்து இழுத்தான், தலையை ஆட்டினான், வீறிட்டு அழுதான். கையை எடுத்ததும் அழுகை நின்றுவிட்டது.

"ஏன்டா அவனை அழ வெக்கிற?" என்றாள் அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "என்னடா?"

படத்தைக் காட்டினேன். தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கட்டி என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. மடித்த துணியெல்லாம் சரிய, எழுந்து வந்து பிள்ளையைத் தூக்கினாள். ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திரைச்சீலையை விலக்கிக் கண்ணைப் பார்த்தாள். வெறும் பார்வைக்கு அழகான கறுப்புக் கண்தான் தெரிந்தது.

"நல்லாத்தானே இருக்கு? என்னடா உளர்ற?"

"நாம இப்பவே போய் காட்டிரலாம்கா."

அவளுடைய பயம் கோபமாக மாற ஒரு நொடிதான் ஆனது. "உன்னாலதான். பொறந்ததுலேருந்து என் புள்ள மூஞ்சியில லைட்டு லைட்டா அடிச்சியே! ஓட்டைக் கடையில வாங்கின ஓட்டை ப்ளாஷ். இனிமே அதை என் புள்ளைங்க பக்கம் திருப்பிப் பாரு, உடைச்சுக் கையில குடுத்துருவேன்."

அவள் சொன்னது எனக்குப் புதிதல்ல. பஸ் நிறுத்தத்திலிருந்து எனக்குள் நானே அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன்.

அத்தான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். பெரியவளையும் ஏற்றிக்கொண்டு அதே வேனோடு வந்தார். நேராகக் கண் ஆஸ்பத்திரிக்கு விட்டார். சின்னவன் ஒவ்வொரு சிக்னலுக்கும் "பளிச்சு" என்றான். நான் கடைசி சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாச் சாமிக்கும் பொதுவாக ஒரு வேண்டுதல் வைத்தேன். எனக்கு ஏதாவது ஆகட்டும், அவனுக்குக் கோணத்தால் தெரிந்ததாக இருக்கட்டும்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு அவனை ஓர் இருட்டறைக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் அழுகிற சத்தம் கதவைத் தாண்டி வந்தது. அத்தான் சுவரைப் பார்த்து நின்றார். அக்கா என்னை விட்டுத் தள்ளி, பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இடது கண்ணுக்குள்ள கட்டி இருக்கு. இப்போதைக்குக் கண்ணை விட்டு வெளிய போன மாதிரி தெரியல, ஸ்கேன் எடுத்துத்தான் உறுதியா சொல்ல முடியும். குழந்தையைக் காப்பாத்திரலாம்னு நம்பறேன். அந்தக் கண்ணைக் காப்பாத்த முடியுமான்னு இன்னிக்குச் சொல்ல முடியாது."

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா என்னைக் கை காட்டிக் கேட்டாள். "இவன் லைட் அடிச்சதாலயா டாக்டர்?"

"இல்லம்மா. லைட்டால இது வராது. அந்த லைட்டுலதான் தெரிஞ்சிருக்கு."

என் மேல் இருந்த பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. உள்ளே இருந்த பயம் இப்போது முழுதாக அந்தப் பிள்ளையைப் பற்றிய பயமாக ஆனது, அவ்வளவுதான். கூரைக்குக் கூரைக்கு என்று பெருமையாக அடித்த இரண்டு வருடத்தில் ஒரு தடவை நேராக அடித்திருந்தாலும் இது முன்பே தெரிந்திருக்கும்.

டாக்டரம்மா பெரியவளைப் பார்த்தார். "இவ கூடப் பிறந்தவளா? இது சில குடும்பத்துல தொடர்ந்து வரும். இவ கண்ணையும் பார்த்தாகணும். இன்னிக்கு நேரமாயிருச்சு, காலையில முதல் ஆளா கூட்டிட்டு வந்துருங்க."

அவர் போன பிறகும் அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். அப்புறம் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் கோடிக்கு நடந்தாள். மாடிப்படிக்குக் கீழே வெளிச்சம் குறைவான இடம். அங்கே நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"பையைத் திற."

"அக்கா, காலையில டாக்டரே பார்ப்பாங்க. போட்டோவை வெச்சு ஒண்ணும் முடிவா..."

"காலை வரைக்கும் நான் இருக்கணும்ல? எடுடா."

ஜிப் வரவில்லை. இழுத்ததில் பிய்ந்தே போனது. ப்ளாஷைச் செருகினேன். எத்தனையோ வருடமாக அழுத்துகிற பொத்தான், அதன் மேல் விரல் வைக்கவே பயமாக இருந்தது. பெரியவள் பள்ளி யூனிபார்மை இழுத்துவிட்டுக்கொண்டு, எப்போதும் போலப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அழுத்தினேன். திரையை நான் பார்க்கவில்லை. அக்காவிடம் நீட்டினேன்.

"சிவப்பு," என்றாள். "ரெண்டும் சிவப்புடா. பாரு."

பார்த்தேன். நல்ல, அழுத்தமான, அசிங்கமான சிவப்பு. அந்தச் சிவப்பைக் கும்பிடலாம்போல் இருந்தது. அக்கா விரலால் இரண்டு கண்ணையும் மாறி மாறித் தொட்டாள். தொட்டுக்கொண்டிருந்த விரல் நடுவில் நின்றது.

"இன்னிக்கு வீட்டுல சின்னவனுக்கும் முதல் படம் இப்படித்தானே வந்துச்சு?"

கேமராவை அவளே என் கையில் திணித்தாள்.

"இன்னொண்ணு எடு."

ப்ளாஷ் மறுபடி சார்ஜ் ஏறும் மெல்லிய சத்தம் கேட்டது. பெரியவளுக்கு இது பிடித்திருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "இந்தப் பக்கம் பார்க்கவா பை மாமா?" என்றாள்.

நான் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினேன். "பாரும்மா," என்றாள் அக்கா.