வெள்ளவத்தையில் நிற்காத கோச்சி

என்னுடைய சிங்களம் மீன்காரனோடு விலை பேசுகிற சிங்களம். கீரைக்கும் தேங்காய்க்கும் ஓட்டோவுக்கும் அது காணும். பிள்ளையின் உயிருக்குக் காணாது என்பது அன்று பின்னேரம்தான் தெரிந்தது.

குசினியில் தேத்தண்ணிக்குப் பால் வைத்துக்கொண்டு நின்றேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஓர் ஆண்குரல், பின்னால் ஒரே சனச் சத்தம். "யதுஷாகே அம்மாத?" யதுஷாவின் அம்மாவா என்று கேட்டான். ஓம் என்றேன். சிங்களத்தில் 'ஓவ்' என்று சொல்ல வேண்டும் என்பதுகூட மறந்துபோயிற்று. அவன் கடகடவென்று என்னவெல்லாமோ சொன்னான். அதில் என் காதில் ஏறியது இரண்டே வசனம்தான். "துவ பெனலா." பிறகு, "ஸ்டேஷன் எகட்ட என்ன." சிங்களத்தில் 'என்ன' என்றால் வாருங்கள். 'துவ' என்றால் மகள். பெனலா என்றால் பாய்ந்துவிட்டாள். இவ்வளவும் எனக்கு விளங்க முதல் போன் கட்டாகிவிட்டது.

எங்கள் ஃபிளட்டிலிருந்து ஒழுங்கையால் இறங்கினால் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் கோச்சி ஓடுகிற தண்டவாளம், அதற்கு அங்கால் கடல். இந்த ஒழுங்கையில் குடியிருக்கிற ஒரு தாய்க்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேறு எது நினைவில் வரும்? பதினாறு வயதுப் பிள்ளை. காலையில்தான் சீப்பெடுத்துத் தலையிழுக்காமல் கிளாசுக்குப் போகிறாள் என்று வாசலில் நிறுத்தி வைத்து ஏசியிருந்தேன். ஐயோ, ஒரு தலைமயிருக்காகவா?

உடனே இவருக்கு எடுத்தேன். இவர் என்றால் என் கணவர் கஜேந்திரன். ஒருகொடவத்தையில் ஒரு கொண்டெய்னர் யாட்டில் வேலை.

"இஞ்சாருங்கோ, ஆரோ ஒருத்தன் எடுத்துச் சொல்றான், யதுஷா பெனலாவாம். ஸ்டேஷனுக்கு வரட்டாம்."

"ஆரோட?" என்றார்.

"என்ன ஆரோட?"

"பெனலா எண்டால் ஓடிட்டாள் எண்டு அர்த்தம். இஞ்ச ஒஃபிஸில ஆற்றையும் பெட்டை பொடியனோட ஓடினால் இப்பிடித்தான் சொல்லுவாங்கள். பொலிஸ் ஸ்டேஷனில பிடிச்சு வச்சிருக்கிறாங்கள் போல. ஆர் பொடியன்? சொல்லு மயூரி, உனக்குத் தெரியாமல் இராது."

"பொடியனும் மண்ணாங்கட்டியும்! பிள்ளை கோச்சிக்கு முன்னால பாஞ்சிட்டாள் எண்டு நான் நெஞ்சு வெடிச்சு நிக்கிறன், நீங்கள் பொடியனைத் தேடுறியள்!"

"உனக்குச் சிங்களம் தெரியாது. வாயை மூடிக்கொண்டு நில். நான் வாறன்."

போனை வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். கடவுளே, இந்த மனுசன் சொல்வதே சரியாக இருக்கட்டும் என்று அந்த இடத்திலேயே கும்பிட்டேன். ஓடித்தான் போயிருக்கட்டும். எந்தச் சாதி, எந்தச் சமயம், எந்தக் குரங்கென்றாலும் பரவாயில்லை, என் பிள்ளை மூச்சோடு இருந்தால் காணும்.

அந்த நம்பருக்குத் திருப்பி எடுத்தேன், என்கேஜ்ட். யதுஷாவின் போனுக்கு எடுத்தேன். அடிக்கிறது, அடிக்கிறது, ஒருவரும் எடுக்கவில்லை. அடுப்பை நிறுத்தினேனா என்றுகூட நினைவில்லாமல் படியிறங்கி ஓடினேன்.

கீழ் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு லுத்பியா வந்தார். வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர், சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு; தமிழில் 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி'. யதுஷா சின்னதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டால் பாதி நாள் அந்த வீட்டில்தான் கிடப்பாள்.

"என்னா மயூரி? மொகம் இப்புடி வெளுத்துக் கெடக்கு?"

சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது.

"அல்லாவே. பெனலாண்டா ரெண்டுக்கும் சொல்லுவாங்க மயூரி. பாஞ்சாலும் பெனலா, ஓடினாலும் பெனலா. வேற என்னா சொன்ன அவன்?"

"வேறயும் கனக்கச் சொன்னவன். எனக்கு விளங்கேல்ல."

"சரி, வாங்க. மொதல்ல கோச்சி ஸ்டேஷனுக்குப் போவம். அது கிட்ட ஈக்கி."

நான் வெறுங்காலோடு நின்றதை அவர்தான் கண்டார். வாசலில் கிடந்த தன் மகனுடைய செருப்பைக் காலால் தள்ளிவிட்டார். எனக்கு அது இரண்டு மடங்கு பெரிசு. சளக் சளக் என்று அடித்துக்கொண்டு மரைன் டிரைவில் ஓடினேன். கையில் ஹேண்ட்பேக்கோடு லுத்பியா பின்னால் வந்தார்.

வழியில் திரும்பவும் இவருடைய போன்.

"தெமட்டகொடையில டிராஃபிக்கில இறுகிப் போய் நிக்கிறன். அவள் போன் எடுக்கிறாள் இல்லை. திமிர். வொய்ஸ் மெசேஜ் ஒண்டு அனுப்பியிருக்கிறன். கேட்டுப் படிக்கட்டும்."

"என்ன சொல்லி அனுப்பினீங்கள்?"

"சொல்ல வேண்டியதைச் சொன்னனான். இனி என்ர வாசலில கால் வைக்கக்கூடாது எண்டு. இப்பிடி எங்கட மானத்தை வாங்கிறதிலும் பார்க்க நீ செத்திருக்கலாம் எண்டு."

நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த வான்காரன் ஹோன் அடித்தான்.

"அழியுங்கோ. இப்பவே அழியுங்கோ!"

"ஏன் அழிக்கோணும்? அப்பன் எண்டு ஒருத்தன் இருக்கிறன்."

"நாசமாப் போவானே, அழியடா அதை!" என்று கத்தினேன். பதினெட்டு வருசக் கல்யாணத்தில் அவரை 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. லைன் அதற்குள் போய்விட்டது. நான் சொன்னது கேட்டதோ தெரியாது.

அதற்குப் பிறகு என் பயம் இரண்டாகிப் போயிற்று. பாய்ந்திருந்தால் எல்லாம் முடிந்தது. பாயாமல் எங்கேயாவது நின்று அழுதுகொண்டிருந்தாளென்றால், அந்த வொய்ஸைக் கேட்டுவிட்டுப் பாய்வாள். பிள்ளை அதைக் கேட்க முதல் நான் அவளிடம் போய்ச் சேர வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம். லுத்பியா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது மேடையின் ஒரு தொங்கலில், கடைசி முனையில், சனம் கூடி நின்றது. எல்லோரும் தண்டவாளத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

லுத்பியா சனத்தை விலக்கிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தார். பிறகு யாரிடமோ சிங்களத்தில் கேட்டார். திரும்பி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். "ஒண்டுமில்ல மயூரி, ஒண்டுமில்ல! போனத் தேடுறாங்க. புள்ள உள்ள ஈக்கி!"

ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக்குள் ஒரு நீட்டு மர வாங்கில் இருந்தாள் என் மகள். முழங்கை உரிந்து, நாடியில் ரத்தம் காய்ந்து, இடது கால் கணுவில் வீங்கிப்போய். ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து, "பய வென்ட எப்பா, அக்கே. கக்குல விதரய்," என்றார். பயப்பட வேண்டாம், கால் மட்டும்தான் என்கிறார். இதைத்தான் அந்த மனுசன் போனிலும் சொல்லியிருப்பார். என் காதுதான் செத்துப் போயிருந்தது.

நான் என்ன செய்தேன்? ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன் என்று எழுத ஆசைதான். முதுகில் பளார் என்று ஒன்று போட்டேன். போட்டுவிட்டுத்தான் கட்டிப்பிடித்தேன். ஓவென்று அழுதேன். "அடிக்காதீங்க மயூரி, அது அடிபட்டுப் போய் ஈக்கி," என்று லுத்பியா என்னைப் பிடித்து இருத்தினார்.

நடந்தது இதுதான். வெள்ளவத்தையில் தடக்கி விழுந்தால் ஒரு டியூட்டரி. ஆனால் இவருக்குக் கொட்டாஞ்சேனையில் படிப்பிக்கிற சேர்தான் வேணும். அங்கே போக வர பஸ் மட்டும்தான், கோச்சியில் ஏறக்கூடாது, பொழுதுபட முதல் வீட்டில் நிற்க வேண்டும் என்பது சட்டம். அன்று கிளாஸ் பிந்தி முடிந்திருக்கிறது. பஸ் ஒன்றும் அசையவில்லை. கோட்டை ஸ்டேஷனடியில் இறங்கிக் கோச்சியில் ஏறிவிட்டாள். அது வெள்ளவத்தையில் நிற்காத கோச்சி, இனி மொறட்டுவையில்தான் நிற்கும் என்று பம்பலப்பிட்டி தாண்டின பிறகுதான் பக்கத்தில் நின்ற ஆள் சொல்லியிருக்கிறான். இங்கே வேகம் குறைந்தபோது இரண்டு மூன்று பொடியன்கள் குதித்திருக்கிறார்கள். இவளும் குதித்துவிட்டாள்.

"மொறட்டுவையில இறங்கித் திரும்பி வந்திருக்கலாமே, மூதேவி! கொஞ்சம் சறுக்கியிருந்தால் சில்லுக்குள்ள போயிருப்பாய்!"

அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் ஒருவன் போனைக் கொண்டுவந்து கொடுத்தான். சல்லிக்கல்லுக்குள் கிடந்ததாம், கண்ணாடி வெடித்திருந்தது. அவள் திரையைத் தடவினாள். நான் பறிக்கப் போனேன். அதற்குள் அவள் கண்டுவிட்டாள். கேட்கவில்லை. 'அப்பா' என்று போட்ட அந்த மெசேஜைப் பார்த்தபடியே இருந்தாள்.

இவர் வந்து சேர்ந்தபோது கையில் ஹெல்மெட்டோடு வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். முதலில் பொலிசுக்குப் போய், "பொடியன் எங்கே?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அவர்கள் எந்தப் பொடியன் என்று இவரையே கேட்டு, விசாரித்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள். வாசலில் நின்று மகளைப் பார்த்தார். வீங்கின காலைப் பார்த்தார். ஹெல்மெட் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. பாவம், அவரும் பயந்துதான் வந்திருக்கிறார். எங்கள் வீட்டில் பயம் எப்போதும் கோபத்தின் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வரும்.

"கேட்டனியோ?" என்றார் மெதுவாக.

"இல்லை."

அவசரமாகத் தன்னுடைய போனை எடுத்தார். அழிக்கத்தான். விரல் சரியான இடத்தில் படவில்லை, திரும்பத் திரும்பத் தட்டினார்.

"அழிக்கத் தேவையில்லை அப்பா," என்றாள் யதுஷா. "அதில என்ன இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். மொறட்டுவையில நிண்டு எடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீங்கள். அதைக் கேக்க ஏலாமல்தான் பாஞ்சனான்."

கத்துகிற மனுசன் பேச்சில்லாமல் நிற்பதைப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திதான். நல்லாக் கேளும் என்று அவரைப் பார்த்து முறைத்தேன். இவ்வளவு காலம் சொன்னேன் தானே, பிள்ளையை வெருட்டாதீர்கள் என்று. நான் அப்படியா? நான் அடித்தாலும் அணைக்கிற தாய்.

அந்த நேரம் லுத்பியா வீட்டுக்குச் சொல்லுவோம் என்று ஹேண்ட்பேக்குக்குள்ளிருந்து தன் போனை எடுத்தார். தொழுகைக்கு நின்றபோது சத்தத்தை நிறுத்தியவர் திரும்பப் போட மறந்துவிட்டார். திரையைப் பார்த்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"மயூரி, ஒங்களுக்கு வந்த நம்பர் என்னா?"

காட்டினேன்.

"இதே நம்பர்ல இருந்து எனக்கு ரெண்டு மிஸ்ட் கோல் ஈக்கி. ஒங்களுக்கு வர முந்தி."

ஸ்டேஷன் மாஸ்டர், யாருக்கு எடுக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டிருக்கிறார். அவள் முதலில் கொடுத்தது லுத்பியாவின் நம்பர். இரண்டு தரம் எடுத்தும் பதில் இல்லாமல் போகத்தான், அம்மாவின் நம்பரைத் தா என்று அவரே நெருக்கியிருக்கிறார்.

"ஏனம்மா?" என்று கேட்டேன். "என்ர நம்பர் உனக்குப் பாடம் தானே?"

யதுஷா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது பேசியிருப்பேன். அவள் கோபப்படவில்லை.

"உங்களுக்கு எடுத்தால் அப்பாவுக்கு எடுத்த மாதிரித்தானே அம்மா. நீங்கள் உடன அவருக்குத்தானே எடுப்பீங்கள்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவளுக்கு என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்க முதல், காலில் செருப்புப் போட முதல், நான் எடுத்தது அவருக்குத்தான்.

எக்ஸ்ரே எடுக்க ஓட்டோ பிடித்தோம். இவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். லுத்பியாவின் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள் யதுஷா. வீங்கின காலை என் மடியில் நீட்டியிருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓட்டோக்காரரிடம் "ஹெமின், ஹெமின்," மெதுவாகப் போங்கள் என்று சொல்லிக்கொண்டு, அந்தக் காலைப் பிடித்தபடி போனேன்.