ஒன்பதாம் மாதத்துத் தேங்காய்

என் வீட்டுக்காரர் ஜாஃபர் சாதிக், துபாயில் ஒரு பங்குத் தரகர் ஆபீசில் எட்டு வருஷம் கம்ப்யூட்டர் தட்டியவர். 2005 நோன்புப் பெருநாளுக்கு லீவில் வந்தவர் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. பிரியாணி ஆறிப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அங்க ரெண்டு கம்பெனிப் பங்கை ஜோடி சேர்ப்பாங்க, ஹஃப்ஸா. ரெண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். என்னைக்காவது விலகுச்சுன்னா ஏறினதை வித்து, இறங்கினதை வாங்குவாங்க. திரும்ப ஒட்டுறப்ப லாபம். நம்ம பட்டுக்கோட்டையில தேங்காயும் கொப்பரையும் அப்படித்தானே?"

"அதுக்கு?"

"இது பலிச்சா நான் துபாய்க்கே போகவேணாம்."

உடனே பிரியாணியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தேன். கல்யாணமாகி எட்டு வருஷம். சேர்ந்திருந்ததைக் கூட்டினால் பதினோரு மாதம்.

தேங்காய் விலைக்கு, மண்டி வைத்திருந்த, என்னைப் பெற்ற அத்தா மீரா சாகிப் விட்டுச்சென்ற, 99 முதலான ஆறு வருஷ நோட்டுகள். கொப்பரை விலைக்கு, கொப்பரை வாங்கிக் காங்கேயத்துக்கு அனுப்பும் மருதையன் அண்ணனின் நோட்டுகள். இரண்டிலும் மாதத்துக்குப் பெயர் கிடையாது. ஒன்று, இரண்டு என்று எண்தான். நான் படிக்க, அவர் லேப்டாப்பில் அடித்தார். சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் போட்டு முடித்ததும் குதித்தார். ஒன்பதாம் மாதம் வந்தால் தேங்காய் மட்டும் கொப்பரையை விட்டுவிட்டு எகிறுகிறது, ஆறு வருஷமும் தவறாமல்!

ஒன்பது என்றால் மார்கழி. ஐயப்பன் சீசன் என்று காரணமும் கண்டுபிடித்துவிட்டார். "99 மார்கழியில தேங்காய் ஏறுச்சாண்ணே?" என்று மருதையன் அண்ணனிடம் கேட்டார். "ஏறுச்சு தம்பி" என்றார் அவர். அத்தோடு சரிபார்த்தல் முடிந்தது.

அப்போது ஐப்பசிக் கடைசி. தேங்காய் விலை விழுந்து கிடந்தது. திட்டம் இதுதான்: எட்டு வருஷச் சேமிப்புக்கும் தேங்காய் வாங்கிப் போட்டு மார்கழியில் ஏறியதும் விற்பது, ஜோடியின் மறுபாதியாக இன்றைய விலைக்கே தை மாதம் கொப்பரை தருவதாக மருதையன் அண்ணனிடம் பேசிக்கொள்வது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தேங்காய்க்குப் பணம் கட்டுவதாக ஏற்பாடு.

புதன்கிழமை நோட்டுகளைக் கட்டிவைக்கும்போதுதான் பார்த்தேன். ஒன்பதாம் மாதப் பக்கத்தின் ஓரத்தில் அத்தாவின் கையெழுத்து: 'பள்ளிவாசல் கஞ்சிக்கு 300 காய்.'

நோன்புக் கஞ்சி! அத்தா, ஏழைகளுக்குக் கொடுக்கும் ஜகாத்துக்காகக் கணக்கைப் பிறை மாதப்படியே எழுதியவர். அவருடைய ஒன்பது, நோன்பு மாதமான ரமலான். மருதையன் அண்ணனின் ஒன்பது மார்கழி. 99-இல் இரண்டும் சேர்ந்து வந்தன. அதன் பிறகு நோன்பு வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வந்து, இந்த வருஷம் முடிந்தே போய்விட்டது. தேங்காய் ஏறவேண்டியதை ஏறி முடித்து இறங்கிக் கிடக்கிறது. முப்பது நோன்பும் பிடிக்கிற மனுஷருக்கு இது தோன்றவில்லை. படித்துக் காட்டிய எனக்கும்தான்.

சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த வாரம் விமானம் ஏறிவிடுவார். வாயை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனார். ராஜினாமாவை அடித்துவிட்டு, "அனுப்பவா?" என்றார்.

"அனுப்புங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை தொப்பியைப் போட்டுக்கொண்டு பணப்பையை எடுத்தார். நான் நோட்டை விரித்து அவர் கையில் வைத்தேன். படித்தார். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதை எப்ப பார்த்தே?"

"புதன்கிழமை."

"நான் வேலையை விட்டது வியாழக்கிழமை."

"ஆமாங்க. பக்கத்துலதான் நின்னேன்." அழுகை வந்துவிட்டது. "பணம் போறதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியல. நீங்க போறதையும்தான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினார், நன்றாகவே திட்டினார். ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்து பையை பீரோவில் வைத்துப் பூட்டினார். அப்புறம் லேப்டாப்பைத் திறந்தார்.

"முதல் நோட்டை எடு. எந்தப் பிறை எந்தத் தேதின்னு பார்த்து, மொதல்லேருந்து படி."