முனவ்வறாவின் இடக்கை

கடல் ஊருக்குள் வந்த பதின்மூன்றாம் நாள். 2005 ஜனவரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. கல்முனையில் ஒரு வைத்தியசாலையின் பெண்கள் வாட்டில், தாதி கஜனி கட்டில் கட்டிலாக நின்று, நோயாளிகளின் கைகளில் ஏற்றியிருந்த கனுலாக்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கனுலா என்பது நாளத்துக்குள் கிடக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய். ஊசி அதை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே வந்துவிடும். கையில் தங்குவது குழாய் மட்டுந்தான். அதனூடாக மருந்து நேரே இரத்தத்தில் சேரும். ஆனால் அதே துவாரத்தால் தோலில் இருக்கும் கிருமியும் உள்ளே போகலாம். கை அசைய அசையக் குழாய் நாளத்தின் உட்சுவரில் உரசும். உரசிய இடம் சிவந்து வீங்கும். அதனால்தான் ஒவ்வொரு வேளையும் பார்க்கவேண்டும், தேவை முடிந்த அன்றே கழற்றிவிடவேண்டும்.

வாட்டில் இருந்தவர்களுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. கனுலா கழன்றால் துண்டு வெட்டுவார்கள், வீட்டுக்குப் போகலாம். அவர்கள் அறிந்தது அவ்வளவுதான். ஆகவே எல்லாரும் எப்போது கழற்றுவீர்கள் என்று கேட்பார்கள். பதினோராம் கட்டில் முனவ்வறா மட்டும் கேட்கவில்லை.

கடல்நீர் நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டிக் கொண்டுவரப்பட்டவள். நாற்பது வயது. கடலில் இறந்த கணவரை அன்றைக்கே அடக்கிவிட்டிருந்தார்கள். முந்தின நாள் பின்னேரம் அவளுடைய மருந்தை விழுங்கும் குளிசைக்கு மாற்றியாயிற்று. இனிக் கனுலாவுக்கு வேலை இல்லை.

"கையக் காட்டுங்க. நோகுதா?"

"நோகல்ல மிஸ்ஸி. அது அப்படியே கிடக்கட்டும்."

கட்டிலுக்குக் கீழே, பாயில், மாக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உம்மு கிடந்தாள். கட்டில்கள் போதாமல் தரைக்கு வந்தவள். அவளுக்கு வாய் மட்டும் முறியவில்லை.

"நோகல்லையாம்! ராவெல்லாம் அந்தக் கையத் தொட்டில் மாதிரி ஆட்டிட்டு இரிந்தா. தங்கக் காப்புப் போட்டவளும் இப்படிப் பொத்தி வெக்கமாட்டா, புள்ள."

"உம்மு ராத்தா, வாய மூடுங்க," என்றாள் முனவ்வறா.

கஜனி முழுக்கைச் சட்டையின் கையை மெதுவாக மேலே ஏற்றினாள். கனுலாவின் வாயிலிருந்து முழங்கைப் பக்கமாகச் சிவப்பு ஓடியிருந்தது. விரலால் தடவியபோது தோலுக்கடியில் நாளம் கயிறுபோலத் தடித்துச் சுட்டது. ஒருநாளில் வரும் அளவல்ல; சட்டைக் கைக்குள் மறைந்தே கிடந்திருக்கிறது.

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னாக் கழட்டுவீங்க. கழட்டினாத் துண்டு வெட்டுவாங்க. மறுகா நான் எங்க போற? முகாமுக்கா? அங்க ஸ்கூல் மண்டபத்தில ஆம்பிள பொம்பிள எல்லாரும் ஒண்டாத்தான் கிடக்காங்க. ஒரு சீலை மறைப்புக்கூட இல்ல. நான் இத்தா இரிக்கவேண்டிய பொம்பிள, மிஸ்ஸி."

கஜனி பாண்டிருப்புக்காரி. அடுத்த ஊர்ப் பெண்களின் இத்தா அவளுக்குத் தெரியும். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் மனைவி உள்ளே இருப்பாள்.

"சொந்தக்காரர் இல்லையா?"

"சவளக்கடையில என்ர கூடப்பிறந்த காக்கா இரிக்கார். அவர்ர ஊட்டிலயும் மூணு குடும்பம் வந்து நிறைஞ்சி போய்க் கிடக்கு. எனக்கு ஒரு அறை தடுக்க ரெண்டு மூணு நாள் வேணுமாம்." அவள் வலக்கையை நீட்டினாள். "இதில ஒண்டு குத்தி உடுங்க. அது வரைக்கும் இரிந்திட்டுப் போறன்."

"மருந்து போகாத குழாய் உங்களுக்கு வேலை செய்யாது, கிருமிக்குத்தான் செய்யும். இந்தச் சிவப்பு ரெத்தத்தில ஏறினா காக்கா தடுக்கிற அறைக்கு நீங்க போகவே மாட்டீங்க. குத்தமாட்டன்."

முனவ்வறா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் இழுக்கவில்லை.

கஜனி கை கழுவிக் கையுறை போட்டாள். ஒரு விரலால் கனுலாவை அசையாமல் பிடித்தபடி பிளாஸ்டரை ஓரத்திலிருந்து உரித்தாள். துவாரத்தின் மேல் பஞ்சுத்துணியை அழுத்தாமல் வைத்து, நாளம் போகும் திசையிலேயே குழாயை மெல்ல இழுத்தாள். உள்ளே இருக்கும்போதே அழுத்தினால் குழாய் நாளத்தை அராவும். வெளியே வந்தபிறகுதான் அழுத்தினாள், மூன்று நிமிடம். குழாயின் நுனி முறியாமல் முழுதாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இருந்தது. பிறகு சிவப்பின் நீளத்தை அளந்து, நேரத்தையும் குறிப்பில் எழுதினாள்: காலை எட்டு மணி. நோவை மறைத்த காரணத்தையும் ஒரு வரியில் எழுதினாள்.

டொக்டர் வந்தபோது குறிப்பை வாசித்தார்.

"கை அவ்வளவு மோசமோ?"

"மூண்டு அங்குலத்துக்கு நாளம் தடிச்சிருக்கு டொக்டர். கழட்டின பிறகும் நாப்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு இது கூடலாம். இங்க வெச்சுப் பாக்கிறது நல்லம்."

பொய் ஒன்றும் இல்லை. சாதாரணக் கை என்றால், சிவந்தால் வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பாள். இந்தக் கையை அப்படி அனுப்ப முடியாது.

"பாக்கத்தான் வேணும். கட்டிலுக்கு எங்க போற?"

முனவ்வறா சுவரிலிருந்து திரும்பினாள். "கட்டில உம்மு ராத்தாக்குக் குடுங்க. எனக்குப் பாய் போதும். அந்த அலுமாரிக்கு அங்கால, மறைவாப் போடுங்க."

"என்னத் தூக்கவா?" என்றாள் உம்மு. "வள்ளம் தள்ற ஆக்களக் கூப்பிடுங்க!"

டொக்டர் சிரிக்காமல் கையெழுத்து வைத்தார். சிற்றூழியப் பெண்கள் நாலு பேர் உம்முவைத் தூக்கினார்கள்.

பகல் பார்வையாளர் நேரத்தில் முனவ்வறாவின் காக்கா அச்சிமுகம்மது சைக்கிளில் வந்தார். கஜனி வாட்டு வாசலிலேயே அவரை நிறுத்தி விசயத்தைச் சொன்னாள். "நாளைக்கில்ல, நாளையிண்டைக்குக் காலையில எட்டு மணி. கை சுகமெண்டா துண்டு வெட்டுவாங்க."

"மூணு நாளாக்க ஏலாதா, மிஸ்ஸி?"

"கை கெட்டாத்தான் ஏலும்."

"வேணாம், வேணாம்." அவர் தாடியைத் தடவியபடி யோசித்தார். "தகரம் கிடைச்சிட்டு. பலகைதான் குறையிது. கதவ மறுகா போடலாம், இப்பைக்கு அதில சீலை தொங்கட்டும். அதுக்குள்ள சுவர் நிக்கும்."

தங்கைக்குச் சாப்பிட வாங்கிவந்த பாண் பொதியைக் கஜனியின் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமலே சைக்கிளைத் திருப்பினார்.