கம்ப்ளீட்டில் இல்லாதது

காலை பத்தரை மணிக்கு அந்த விற்பனைப் பக்கம் மூன்றாவது முறையாக அவனிடம் வந்தது. இரண்டு முறை அவன் திருப்பி அனுப்பியிருந்தான். இரண்டு முறையும் ‘பெயரில் மாற்றம் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு வந்து நின்றது. கப்பல் ஓட்டும் விளையாட்டு அது. வடகடல் என்று பெயர். நான்கு வருடமாக விற்கிறது. அதன் ஏழாவது பதிப்பு பன்னிரண்டு மணிக்குக் கடைக்கு வர வேண்டும்.

கடை என்றால் அலமாரியோ கல்லாவோ கிடையாது. இணையத்தில் வீடியோ கேம் விற்கிற நிறுவனம்; நான்காவது மாடியில் இருபது மேசை, அவ்வளவுதான். அவன் வேலை சரிபார்ப்பு. கேம் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெயர் வைத்து அனுப்புவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்து, அட்டவணையில் இருப்பதற்குப் பச்சைப் புள்ளியும் இல்லாததற்குச் சாம்பல் புள்ளியும் வைத்து, கடைசியில் ஒரு வரிக்கு எதிரே டிக் போட வேண்டும்: ‘பெயரும் உள்ளடக்கமும் பொருந்துகின்றன.’ டிக் போட்டதும் அதன் கீழே அவன் பெயர் தானாக வந்து உட்காரும். அதற்குப் பிறகுதான் பக்கம் வெளியே போகும்.

வடகடல் ஸ்டாண்டர்டில் விளையாட்டு மட்டும். டீலக்ஸில் கூடவே ஒரு சிவப்புப் பாய்மரம். கோல்டில் ஒரு துணைக்கதை உண்டு, சிவப்புப் பாய்மரம் கிடையாது. அல்டிமேட்டில் இரண்டும் உண்டு. அல்டிமேட் பேக் என்று இன்னொன்று. அதில் பாய்மரம், கொடி, வரைபடம், துணைக்கதை எல்லாம் இருக்கும், விளையாட்டு மட்டும் இருக்காது. பிறகு டெஃபினிட்டிவ். இப்போது கம்ப்ளீட். கப்பல் கடைசியில் கரை சேர்கிற அத்தியாயத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்கு வைத்த பெயர் அது. அந்த அத்தியாயத்தோடு கம்ப்ளீட் பிளஸ் அடுத்த மாதம் வருமாம். அதற்கடுத்து ‘சத்தியமா கம்ப்ளீட்’ வரும் என்று தேநீர் நேரத்தில் யாரோ சொல்ல, போன வாரம் மொத்தக் குழுவும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதமாக அவன் எதற்குமே சிரிப்பதில்லை.

குழுவின் தலைவியை எல்லோரும் அக்கா என்பார்கள். இவனைவிடப் பத்து வயது மூத்தவள். இவன் வேலைக்கு வராமல் கிடந்த நாற்பது நாளும் மேலிடத்தில் வாதாடி, இவன் நாற்காலியை இவனுக்கே வைத்திருந்தவள். இப்போது அவளே எழுந்து வந்தாள். பக்கத்து மேசையில் வக்கீல் இருந்தார். சட்டம் படித்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர் என்பதால் அந்தப் பெயர். ஐம்பதை நெருங்குபவர், தடித்த கண்ணாடி, தானுண்டு தன் திரையுண்டு என்று இருப்பார். அக்கா அவர் அருகில் கிடந்த காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அட்டவணை சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. ஆறாவது வரிசையில் கடைசி அத்தியாயத்துக்கு எதிரே சாம்பல் புள்ளி, கீழே வரை நகர்த்திப் போனால் தெரியும். பெயர் வைப்பது அவர்கள் உரிமை, அதில் நாம் தலையிட முடியாது என்றாள். பன்னிரண்டு மணி என்பது மேலிடத்துக்குச் சொல்லிவிட்ட நேரம், விளம்பரமெல்லாம் போய்விட்டது என்றாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அவன் திரையைப் பார்த்தபடி இருந்தான்.

“டிக்குக்குக் கீழ என் பேர் வருதுக்கா.”

“நாலு வருஷமா வந்துட்டுதான இருக்கு?”

“ஆமா. வந்துட்டுதான் இருக்கு.”

அதை அவன் மறுக்கவே முடியாது. ஒன்றரை வருடத்துக்கு முன் அவன் பிறந்தநாளுக்கு இதே வடகடலை அவன் மனைவி வாங்கித் தந்தாள். அவனுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் அவன்தான். ஐந்தாறு பெயரைப் பார்த்து, இருப்பதிலேயே பெரிதாகத் தெரிந்த அல்டிமேட் பேக்கை எடுத்திருந்தாள். குறியீட்டு எண்ணைக் கெட்டித் தாளில் அச்சடித்து, சட்டைப் பெட்டியில் வைத்துக் காகிதம் சுற்றியிருந்தாள். எண்ணை அடித்ததும் பாய்மரம் வந்தது, கொடி வந்தது, வரைபடம் வந்தது. ஓட்டத்தான் கப்பல் இல்லை. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது பார் என்றான்.

அவள் குனிந்து படித்தாள். மருந்துக் கடையில் வேலை அவளுக்கு. பகல் முழுவதும் டப்பாவின் மேலிருப்பதை நம்பி மருந்தை எடுத்துக் கொடுப்பவள். “எங்க கடையில மேல ஒண்ணும் உள்ள ஒண்ணும் இருந்தா ஆளு செத்துப்போவான் சார்” என்றாள். கோபத்தில்தான் சார் வரும். பிறகு, இதை யார் சரிபார்த்தது என்று கேட்டாள்.

“டீம்ல யாரோ” என்றான்.

அன்று மாலை தங்கையிடம் போனில், நான் ஒரு மண்டுடி, படிக்காமல் வாங்கிவிட்டேன் என்று அவள் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்ததை அவன் பக்கத்து அறையிலிருந்து கேட்டான். எழுந்து போய், நீ மண்டு இல்லை, டிக் போட்டது நான் என்று சொல்லப் பத்து அடிதான் நடக்க வேண்டியிருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்துவிட்டான். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே போயின; பத்து மாதம் போயிற்று. பிறகு காய்ச்சல் என்று இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். நான்காம் நாள் அவன் மட்டும் திரும்பி வந்தான்.

அதற்குப் பின் கை தானாக வேலை செய்தது. எத்தனையோ பக்கம், எத்தனையோ டிக். மனம் மரத்துப் போனவனுக்கு இது வசதியான வேலைதான். நேற்று மதியம் வடகடல் என்ற பெயர் வரிசையில் வந்தபோது மட்டும் கை நின்றது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. துக்கத்தோடு சேர்ந்து பயமும் எப்போதோ மரத்துப் போயிருந்தது. மிரட்ட வருபவர்கள் எதைக் காட்டி மிரட்டுவார்கள் என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். வேண்டுமானால் ஒரு வாரம் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். இந்த நிலைமையில் சின்ன விஷயமெல்லாம் பெரிதாகத் தெரியும், அது இயல்புதான், மேலிடத்தில் தான் பேசிக்கொள்வதாகவும் சொன்னாள். அவள் மனதாரச் சொன்னாள். அதுதான் அவனுக்குச் சுருக்கென்றது. அவன் சொல்வது சரியா தப்பா என்ற கேள்வியையே எடுத்துவிட்டு, பாவம் என்ற ஒன்றை அந்த இடத்தில் வைத்தாகிவிட்டது.

“அவ போயிட்டதால போடமாட்டேங்கிறேன்னு நினைக்காதீங்கக்கா. அவ இருக்கும்போதே போட்டிருக்கக் கூடாது.”

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தயாரிப்பாளர்களோடு கடைசியாக ஒருமுறை பேசிவிட்டு வருவதாகவும், அதுவரை எதையும் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் நின்றபடியே பேசுவது தெரிந்தது. பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம்.

விற்பனைப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு: ‘வாங்குபவருக்குக் குறிப்பு.’ அதில் எழுதுவது விலைக்கு நேர் மேலே தெரியும். சரிபார்ப்பவர் எழுதலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆனால் யாரும் எழுதி அவன் பார்த்ததில்லை. எல்லாப் பக்கத்திலும் அது வெறுமையாகவே போகும். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதில் கர்சரை வைத்தான். நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ‘இந்தப் பதிப்பில் கதையின் முடிவு இல்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும்.’ ஒருமுறை படித்தான். இப்போது ‘பொருந்துகின்றன’ என்ற வரிக்கு எதிரே டிக் போடலாம் என்று தோன்றியது. போட்டான். கீழே அவன் பெயர் வந்து உட்கார்ந்தது. பக்கத்தை வெளியே விட்டான்.

பன்னிரண்டு பத்துக்கு அக்கா அறைக்கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வேகமாக வந்தவள் அவன் மேசைக்கு அருகில் வந்ததும் நின்றுவிட்டாள். தயாரிப்பாளர் தரப்பு ஆள் குதிக்கிறான் என்றாள். உடனே எடுத்துவிட்டால் தவறுதலாக நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், தானே சொல்கிறேன் என்றாள்.

“தவறுதலா நடக்கலக்கா.”

“வேலை போயிடும். இந்தத் தடவை என்னால ஒண்ணும் பண்ண முடியாது. புரியுதா?”

“புரியுது. அதுல எழுதினது பொய்யின்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க. எடுத்துடறேன்.”

இருபது மேசையிலும் விசைப்பலகைச் சத்தம் நின்றிருந்தது. அக்கா திரையில் இருந்த அந்த இரண்டு வரிகளைப் படித்தாள். இன்னொருமுறையும் படித்தாள் போலிருந்தது. பொய்யென்று அவளும் சொல்லவில்லை. திரும்பித் தன் அறைக்கு நடந்தாள். உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஐந்து நிமிடத்தில் அவன் திரை தானாகப் பூட்டிக்கொண்டது. கடவுச்சொல் கேட்டது. போட்டான், ஏற்கவில்லை. மறுபடி போட்டான். பிறகு விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்து போகச் சொல்லி யாரும் இன்னும் வரவில்லை. வருகிறவரை உட்கார்ந்திருப்பதாகத் தீர்மானித்தான். அந்தக் குறிப்பு இன்னும் கடையில் இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா என்று பார்க்கக்கூட அவனுக்கு வழியில்லை.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். அவர் திரையில் வேறொரு கேம், கார் பந்தயம், ஒன்பது பதிப்பு. தலையைத் திருப்பாமலே கேட்டார்.

“தம்பி, அந்தக் குறிப்புக் கட்டத்துல எத்தனை எழுத்து வரைக்கும் போடலாம்?”

“நூத்தி நாப்பது.”

“பத்தாதே” என்றார் வக்கீல். நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டார். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, தட்ட ஆரம்பித்தார்.