கடைசி எட்டுப் பக்கம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேன் ஓட்டுபவருக்கு 'கிளைமாக்ஸ்' என்று பெயர் வைத்தது தையல்காரிதான். வைக்காமல் என்ன செய்வாள்? அழுக்குத் துணி ஏற்றிவரும் வழியில் பழைய புத்தகக் கடையில் துப்பறியும் நாவல் வாங்கி வருகிறவர் அவர். நல்ல மனுஷன்தான். ஆனால் சிக்னலில் வண்டி நிற்கும்போதே கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுவார். படித்ததை மனசில் வைத்துக்கொள்ளவாவது தெரியுமா? சாப்பாட்டு நேரத்தில், "தோட்டக்காரன்தான் கொன்னான்!" என்று போட்டு உடைத்துவிட்டுத்தான் டிபன் டப்பாவைத் திறப்பார்.

நாள் முழுக்கக் கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப்போடுகிற தையல்காரிக்கு, கொன்றது யாரென்று தெரியாமல் தவிக்கிற சுகம் ஒன்றுதான் சுகம். அதிலும் மண் விழுந்தது. இஸ்திரி அக்காவோ, "எனக்கு இனிமே புத்தகமே வேணாம்மா, ஆளை விடு" என்று விலகியே விட்டாள். கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கிற கூட்டமே மொத்தம் ஐந்து பேர். ஒருத்தி போனால் மற்றவர்கள் போக எவ்வளவு நேரம் ஆகும்?

லீவு நாளில் தையல்காரியே கடைக்குப் போய், சர்க்கஸ் கூடாரத்தில் நடக்கும் கொலைக்கதை ஒன்று வாங்கினாள். அவளும், துணி மடிக்கிற அண்ணியும், வாஷிங் மெஷின்காரரும் ரகசியமாகப் படித்து முடித்தார்கள். அப்புறம் பிளேடு எடுத்து அதன் கடைசி எட்டுப் பக்கத்தை அறுத்தாள். முன்பாதி தொலைந்துபோன வேறொரு நாவலின் கடைசிப் பக்கங்களை அந்த இடத்தில் வைத்துத் தைத்தாள்.

"இவ்வளவு குறுக்குப்புத்தி உனக்கு எங்கேருந்துடி வந்துச்சு?" என்றாள் அண்ணி.

"எல்லாம் உங்க புருஷன்கூடப் பொறந்த தோஷம் அண்ணி."

புத்தகத்தைக் கிளைமாக்ஸிடம் கொடுத்து, "அண்ணே, இந்த வாட்டி நான் வாங்கினேன். முதல்ல நீங்க படிங்க" என்றாள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அட்டை, முதல் பக்கமெல்லாம் அவர் என்றைக்குப் பார்த்தார்?

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் எழுந்தே நின்றுவிட்டார். "டாக்டர்தான்! விஷ ஊசி போட்டதே அந்த டாக்டர்தான்!"

"எந்த டாக்டர்ண்ணே?" என்றாள் அண்ணி, பச்சைப்பிள்ளை மாதிரி.

"அதான்... அந்தப் பொண்ணைக் கட்டிக்க இருந்த டாக்டர்."

"யோவ், இது சர்க்கஸ் கதை" என்றார் மெஷின்காரர். "கழுத்தை நெரிச்ச கொலை. இதுல டாக்டரும் இல்ல, ஊசியும் இல்ல!"

கூடம் அதிர்ந்தது. இஸ்திரி அக்காகூடப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கிளைமாக்ஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"அப்ப யாரும்மா கொன்னது?"

தையல்காரி எட்டுப் பக்கத்தையும் எடுத்துக் காட்டினாள். காட்டிவிட்டுத் தையல் மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டினாள். "முதல் பக்கத்துலேருந்து படிச்சுட்டு வாங்க, தர்றேன்."

இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அப்புறம் வேனுக்குள்ளேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். கோமாளி மேல் சந்தேகமாக இருக்கிறதே என்று அண்ணியிடம் வந்து புலம்பினார். கடைசியில் ஒரு மத்தியானம் தையல்காரி முன்னால் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். நின்றபடியே படித்தார்.

"அடப்பாவி! அவனா!" என்று கத்திவிட்டு, பொத்தென்று துணிமூட்டை மேல் உட்கார்ந்தார். "இத்தனை நாளா இதையாம்மா உங்ககிட்டேருந்து பிடுங்கிக்கிட்டு இருந்தேன்?"

இஸ்திரி அக்கா திரும்பிப் பார்த்தாள். "அவன்னா எவன்ண்ணே? சும்மா சொல்லுங்க. நான்தான் படிக்கப்போறதில்லையே."

எல்லார் கண்ணும் அவர் வாய்மேல். வாய் திறந்தது. மூடிக்கொண்டது. தைத்திருந்த டாக்டர் கதைப் பக்கங்களைப் பிய்த்தெடுத்துவிட்டு, எட்டுப் பக்கத்தையும் அதன் இடத்தில் செருகி, புத்தகத்தை அக்கா கையில் திணித்தார்.

"தலையே போனாலும் சொல்லமாட்டேன். படி!"

அக்கா புத்தகத்தைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் நின்றாள். நின்றவள் நின்றவள்தான், அருகே இஸ்திரிப் பெட்டி ஆறிக்கொண்டிருந்தது.

"ஜெயிச்சுட்டோம் அண்ணி!" என்று தையல்காரி கூடமே கேட்கக் கத்தினாள்.