அறுநூறு கஜத்தில் ஒரு சூடு

"வேண்டாம் வென்டெல், இன்னும் கிட்டப் போவோம்" என்றாள் லோர்னா. அமெரிக்காவின் வயோமிங் மலைகளில் இருபது வருஷமாக வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டுகிறவள். எதிர்ச்சரிவில் ஒரு ஆண் எல்க் மான் மேய்ந்தது. நடுவே அறுநூறு கஜம்.

"உங்களுக்குக் கண்ணு போச்சு, அண்ணி. எனக்குப் போகல." வென்டெல் அவளுடைய இறந்த கணவனின் தம்பி.

"கண்ணைச் சொல்லலடா, தோட்டாவைச் சொல்றேன். அதோட முனை ஈயம். வேகமா மோதினாத்தான் விரியும். அவ்ளோ தூரம் போறதுக்குள்ள வேகம் செத்துடும். ஊசி மாதிரி துளைச்சிட்டுப் போயிடும்."

அவன் சுட்டான். மான் முதுகை வளைத்துக் குறுகியது. பிறகு ஓடக்கூட இல்லை, நடந்தே காட்டுக்குள் போனது.

இரண்டு மணி நேரம் ரத்தத் தடம் தேடினார்கள். பைன் சருகில் அங்கொரு சொட்டு, இங்கொரு சொட்டு. "முன்னால போகாதே" என்று லோர்னா சொல்லச் சொல்ல, விழுந்து கிடந்த ஒரு மரத்தை வென்டெல் தாண்டினான்.

மான் அதன் மறுபக்கம்தான் படுத்திருந்தது. எழுந்த வேகத்தில் கொம்பு அவன் தொடையில் இறங்கியது. தூக்கி எறிந்தது. விழுந்தவனை மறுபடி குத்தியது. எலும்பு முறிந்த சத்தம் லோர்னாவுக்குக் கேட்டது. நேரே சுட்டால் அவன்மேல் படும். பக்கவாட்டில் பாய்ந்து, பத்தடியில் நின்று சுட்டாள். அவன் சுட்ட அதே வகைத் தோட்டாதான். மானின் தோள் பிளந்து, எலும்புத் துண்டும் நுரையீரலும் மறுபக்கம் சிதறி வென்டெலின் முகத்தில் தெறித்தன.

தன் இடுப்பு வாரை உருவி அவன் தொடையில் இறுக்கினாள். அவன் அலறினான். ரேடியோவில் உதவி கேட்டுவிட்டு, வாரை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என் சூடு... பட்டுச்சா?"

ஒரு கையை நீட்டி, செத்துக் கிடந்த மானின் விலாவைத் தடவிப் பார்த்தாள். "பட்டுச்சு. உன் தோட்டா வெளிய வந்த ஓட்டையில என் சுண்டுவிரல்கூட நுழையல."

அவன் அழுதான். வலியால் மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

ஹெலிகாப்டர் வந்தது. முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் கேட்டான்: "கறியைக் கொண்டு வந்தீங்களா, அண்ணி?"

"ஒரு தொடை மட்டும். மறுநாள் குதிரையோட போறதுக்குள்ள மிச்சத்தைக் கரடி தின்னுடுச்சு."

"நல்லாத் தின்னுட்டுப் போகட்டும்" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.