எல்லாமே பெல்ட்

கம்ப்யூட்டர் திரையில் பதினோராவது முறையாக அதே பதில் வந்தது: பெல்ட்டை மாற்றவும். ரெஜினாவுக்கு அந்தப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியே எறியலாம் போலிருந்தது.

அருப்புக்கோட்டைக்கு வெளியே இருந்த அந்த நூற்பாலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1993இல். மதுரையில் கம்ப்யூட்டர் படிப்பு படித்த ரெஜினா, டைப்பிங் நாற்காலியிலிருந்து அதற்கு மாறினாள். சம்பளப் பட்டியலோடு நிற்காமல், கல்லூரியில் செயற்கை அறிவு என்று படித்ததை வைத்து ஒரு புரோகிராமும் எழுதினாள். ஐந்து வருட ரிப்பேர் ரிஜிஸ்டரை ஏற்றினால், அது பழைய கோளாறுகளை ஒப்பிட்டு, அடுத்து எந்த மெஷின் எப்போது நிற்கும் என்று சொல்லும். முன்கூட்டியே சரிசெய்துவிடலாம். மேனேஜர் ராமசுப்பு வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்திருந்தார். ஒரு மெஷினையாவது சரியாகச் சொல்லாவிட்டால் அவள் மறுபடி டைப்பிங்குக்கே போக வேண்டும்.

ரிஜிஸ்டர் முழுக்க அவள் கணவன் ஏசுவடியானின் கையெழுத்து. அவன்தான் அந்த மெஷின்களுக்கு ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் அதை அவன் முன்னால் விரித்து, ஐந்து வருடமும் எப்படி பெல்ட் மட்டுமே அறுந்தது என்று கேட்டாள்.

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "பேரிங் போச்சுன்னு எழுதுனா, ஏன் கிரீஸ் வைக்கலன்னு விளக்கக் கடிதம் கேப்பாக. பெல்ட்டுன்னா கேள்வியே கிடையாது."

"நாலு மாசமா உக்காந்து பொய்யத்தான் ஏத்திருக்கேனா?"

எல்லா மில்லிலும் ஃபிட்டர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்றான். உண்மையான காரணத்தைக் கேட்டாள். என்றைக்கோ நடந்ததை யார் நினைவு வைத்திருப்பார்கள் என்று சோற்றைப் பிசைந்தான்.

ரெஜினா ரிஜிஸ்டரில் ஒரு தேதியில் விரலை வைத்தாள். "ஜூன் பன்னெண்டு. என் தங்கச்சி நிச்சயதார்த்தம். பந்தி முடிஞ்சு, இலை எடுத்தப்பறம் வந்தீக."

அவன் கை நின்றது. "ஏழாம் நம்பரு. கியரு பல்லு ஒடிஞ்சிருச்சு."

அடுத்தது மகள் அபிஷாவின் ஞானஸ்நானம். பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றும்போது தகப்பன் இல்லை. அது ஒன்பதாம் நம்பர், பேரிங். மல்லாங்கிணறு கல்யாணத்துக்குப் போகும் பஸ்ஸை விட்டதும் அதே ஒன்பது. சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டு தேதிகள் தேறின. ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு ஒரு கோபம் நினைவிருந்தது; அந்தக் கோபத்தைச் சொன்னதும் அவனுக்குக் கோளாறு நினைவுக்கு வந்தது.

"இம்புட்டையும் மனசுலயே வச்சிருந்தியா, ரெஜி?"

"நீங்க நேரத்துக்கு வந்திருந்தா எதுக்கு வைக்கப் போறேன்?"

முப்பத்தெட்டையும் திருத்தி ஏற்றியதும் பெல்ட் திரையிலிருந்து மறைந்தது. ஒன்பதாம் நம்பர் பேரிங் இந்த வாரமே போகும் என்று வந்தது. நன்றாக ஓடுகிற மெஷினை நிறுத்துவதா என்று ராமசுப்பு நான்கு நாள் முனகினார். வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் சம்மதித்தார். ஏசுவடியான் பிரித்துப் பார்த்தான். பேரிங் சூட்டில் நீலம் பாரித்து, விளிம்பில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. ராமசுப்பு அதை வெகுநேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, புரோகிராம் தொடரட்டும் என்று சொல்லிப் போனார்.

ரெஜினா உடனே கணவனிடம் ரிஜிஸ்டரில் என்ன எழுதினான் என்று கேட்டாள். பேரிங் என்றே எழுதியிருந்தான். அவளுக்கு மனம் குளிர்ந்தது.

ஏசுவடியான் தலையைச் சொறிந்தான். "ஆபீஸுல விளக்கக் கடிதம் கேக்காக. நீயே டைப் அடிச்சுத் தந்திரேன்."

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டைப்ரைட்டரின் உறையைக் கழற்றினாள்.